மருந்துச் செலவுக்கு ட்ரிலியம் திட்டம்

சுகாதார அட்டை இருந்தால் மருந்தும் இலவசம் எனப் பலர் எண்ணுகின்றனர். ஒன்ராறியோ சுகாதாரக் காப்புறுதி வருமானம் பாராது மருத்துவர், மருத்துவமனைச் செலவுகளை ஏற்கிறது. மருந்தகத்தில் வாங்கும் மருந்துகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை.

பணமின்றி மாத்திரையைப் பாதியாக்கி உட்கொள்ளும் நிலைக்கு வருமுன், வருமானத்தை மிஞ்சிய மருந்துச் செலவுள்ள குடும்பங்கள் ட்ரிலியம் மருந்துத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். வேலைக்குச் செல்வோரும், முழுச் செலவையும் ஏற்காத தனியார் காப்புறுதி உடையோரும் தகுதி பெறலாம். குடும்ப நிகர வருமானத்தில் பொதுவாக ஏறத்தாழ 4 சதவீதத்தைக் குடும்பமே முதலில் ஏற்க வேண்டும். ஆகஸ்ட் 1இல் தொடங்கும் ஆண்டின் நான்கு காலாண்டுகளுக்கு அத்தொகை பிரிக்கப்படும். அக்காலாண்டுப் பங்கு தீர்ந்தபின், திட்டப் பட்டியலிலுள்ள மருந்து ஒன்றுக்கு 2 டொலர் வரையே செலவாகும். சமூக உதவி பெறுவோருக்கும் 65 வயதானோருக்கும் வேறு ஏற்பாடு உண்டு.

வருமானமே இல்லாதவரும் ஆண்டுதோறும் வருமானவரிப் படிவம் சமர்ப்பித்தல் வேண்டும். குடும்ப வருமானம் அதைக் கொண்டே சரிபார்க்கப்படுகிறது. விண்ணப்பப் படிவம் மருந்தகங்களில் கிடைக்கும். உதவி நாடுவோர் 211 எண்ணை அழைக்கலாம்.