உயிரணுவின் அடுப்பும் புற்றுநோயும்

கொல்கத்தாவில் குடியேறிய தமிழ் மக்களாகிய நமக்கு பௌபஜார் வீதி பெருமிதம் தரும் பெயராகும். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1907-ஆம் ஆண்டில் நிதித்துறை அதிகாரியாக இந்நகருக்கு வந்தார். அலுவல் முடிந்த வேளைகளில் அவர் ஆராய்ச்சி செய்தது அவ்வீதியிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில்தான். 1928-இல் அவர் கண்ட ஒளிச்சிதறலுக்கு 1930-இல் நோபல் பரிசு கிடைத்ததை நாம் அறிவோம். டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய அக்கழகம் பின்னர் ஜாதவ்பூருக்கு இடம் பெயர்ந்தது. அங்கே நடைபெற்ற மற்றோர் ஆராய்ச்சி, நம் இல்லங்கள் பெயர் சொல்லவும் அஞ்சும் புற்றுநோயைப் பற்றியது.

அதனை உணர, உயிரணுவின் சமையலறையை முதலில் நோக்குவோம். நாம் உண்ணும் சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. உயிரணுவுக்குள் அச்சர்க்கரை முதலில் இரண்டாகப் பிளக்கப்படுகிறது. பின்னர் அத்துண்டுகள் 'மைட்டோகாண்ட்ரியா' எனப்படும் நுண்ணிய அடுப்புகளுக்குள் செல்கின்றன. அங்குள்ள நொதிகள், அதாவது என்சைம்கள், பிராணவாயுவின் துணையால் அவற்றைப் படிப்படியாக எரித்து ஆற்றலைப் பிரிக்கின்றன. முதற்கட்டத்தில் கிடைப்பது இரண்டு பங்கு ஆற்றல் எனின், அடுப்பில் எரித்து முடிக்கையில் ஏறத்தாழ முப்பது பங்கு கிடைக்கும்.

புற்றுக்கட்டிகள் இவ்வழக்கத்திலிருந்து பிறழ்கின்றன. பிராணவாயு தாராளமாக இருந்தும் அவை ஏராளமான சர்க்கரையை விழுங்கி, பாதியிலேயே லாக்டிக் அமிலமாக்கி விடுகின்றன என்று ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ வார்பர்க் 1920-களில் கண்டார். இன்று மருத்துவமனைகளில் எடுக்கப்படும் பெட் ஸ்கேன், புற்றின் இந்தச் சர்க்கரைப் பசியையே படம் பிடிக்கிறது. அடுப்பு பழுதானதே நோயின் மூலம் என வார்பர்க் கருதினார். ஆனால் பல புற்றுக்கட்டிகளில் அடுப்பு நன்றாகவே எரிகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. எனினும் சிலவற்றில் பழுது நொதியிலேயே இருப்பதும் உண்மை. ஐ.டி.எச்-2 என்னும் மைட்டோகாண்ட்ரிய நொதி திரிந்துவிட்டால், இரத்த அணுக்கள் முதிர்ச்சியடையாமல் தடைபட்டு ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு வழி உண்டாகிறது. அத்திரிந்த நொதியை அடக்கும் எனாசிடெனிப் என்ற மருந்துக்கு 2017-இல் அமெரிக்காவில் அனுமதி வழங்கப்பட்டது.

இனி ஜாதவ்பூருக்கு வருவோம். சர்க்கரை பிளவுறும்போது மெதில்கிளையாக்சால் என்னும் பொருள் சிறிதளவு பக்கவிளைவாகத் தோன்றுகிறது. இது உயிரணுக்களின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தக் கூடும் என ஹங்கேரிய அறிஞர் சென்ட்-ஜியார்ஜி முன்பே கருதியிருந்தார். அக்கருத்தை ஆராய்ந்தவர்களுள் 1989-ஆம் ஆண்டின் பட்நாகர் பரிசு பெற்ற பேராசிரியை மஞ்சு ரே முக்கியமானவர். இப்பொருள் புற்றணுக்களின் மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள முதல் நொதித் தொகுதியைத் தடுத்து ஆற்றலைக் குன்றச் செய்கிறது என்றும், இயல்பான அணுக்களுக்கு அத்தகைய தீங்கு செய்வதில்லை என்றும் அவர் குழுவினர் 1990-களில் வெளியிட்டனர். சிறு எண்ணிக்கையிலான நோயாளிகளிடமும் பின்னர் இது பயன்படுத்தப்பட்டது. ஆயினும் இன்றுவரை இது அங்கீகரிக்கப்பட்ட மருந்தாகவில்லை.

இதே பொருளுக்கு மற்றொரு முகமும் உண்டு. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பயின்று, சிங்கப்பூரில் பணியாற்றும் அசோக் வெங்கிடராமன் குழுவினர் 2024-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நம்மைப் புற்றிலிருந்து காக்கும் பி.ஆர்.சி.ஏ-2 என்னும் புரதத்தை மெதில்கிளையாக்சால் தற்காலிகமாகக் குறைத்து, மரபணுவில் பழுதுகள் சேர வழி செய்யக்கூடும் என அவர்கள் கண்டனர். நீரிழிவு நோயாளிகளிடம் இப்பொருள் மிகுதியாக இருக்கும். நீரிழிவு உள்ளோர்க்கெல்லாம் புற்றுநோய் வரும் என்பது இதன் பொருளன்று. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதற்கு மேலும் ஒரு காரணம் கிடைத்தது என்றே கொள்ள வேண்டும்.

ஒரே பொருள் ஓரிடத்தில் படைக்கலமாகவும் மற்றோரிடத்தில் பகையாகவும் விளங்குகிறது. அளவும் இடமும் அறியாமல் எதையும் மருந்தென்று கொள்ளலாகாது என்பதே இதனால் நாம் பெறும் பாடம். சோதனைக் குழாயில் புற்றணு மடிந்தது என்ற செய்திக்கும், நோயாளி பிழைத்தார் என்ற செய்திக்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு. பல நூறு நோயாளிகளை இரு பிரிவாக்கி ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனைகளே அத்தொலைவைக் கடக்கும் பாலமாகும்.

மொழி வேறாகிய ஊரில் வாழும் குடும்பங்களில் நோய் வரும்போது, மருத்துவர் கூறுவது முழுதும் விளங்காத நிலையில், அண்டை வீட்டார் கூறும் அதிசய மருந்தை நாடும் மனம் எளிதில் உண்டாகிறது. அம்மருந்தை நம்பித் தொடங்கிய சிகிச்சையை இடையில் நிறுத்துவது பேரிழப்பாக முடியும். 1950-இல் ஐரீன் ஜோலியோ-கியூரி அம்மையார் திறந்து வைத்த சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனை இந்நகரிலேயே இருக்கிறது. வங்காளி நன்கறிந்த நம்மவர் ஒருவர் நோயாளியுடன் உடன் சென்று, மருத்துவர் கூறுவதைத் தமிழில் எடுத்துரைப்பாரானால், அதுவே அக்குடும்பத்துக்குச் செய்யும் பேருதவியாகும்.