கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவா இருக்கா? ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணாதீங்க.. இதை மட்டும் மாத்துங்க!

டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்துக்கு கடைசி நாள். பெரம்பலூர் பாலக்கரை பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரை நினைச்சுப் பாருங்க. வெளியே பத்து பேர் வரிசையில் நிற்கிறார்கள். கம்ப்யூட்டர் மட்டும் அசைய மாட்டேங்குது. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்' என்ற ஒன்று டிஸ்க்கை 100 சதவீதத்தில் வைத்திருக்கிறது. கடைக்காரர் கடுப்பாகி ஆன்டிவைரஸையே ஆஃப் செய்கிறார். அடுத்து வருபவர் கையில் பென் டிரைவ்!

சிக்கல் இங்கதான். அந்த ஒரு கம்ப்யூட்டரில் எத்தனை பேரோட ஆதார், சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட் இருக்கும்? 2017 மே மாதம் சுமார் 150 நாடுகளை ஆட்டிப்படைத்த வான்னாக்ரை வைரஸ், ஃபைல்களைப் பூட்டிவிட்டு பிட்காயினில் பணம் கேட்டது நினைவிருக்கலாம்.

பயமுறுத்துகிற பேரா இருந்தாலும், அது வைரஸ் இல்லை. விண்டோஸோடு இலவசமாக வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர்தான் அது. நீங்க திறக்கிற ஒவ்வொரு ஃபைலையும் அது பார்க்கும். அது போக அவ்வப்போது மொத்தமாக ஒரு ஸ்கேனும் ஓட்டும்.

அந்த ஸ்கேன் ஏன் சரியா வேலை நேரத்துல வருது?

விண்டோஸ் தன் பராமரிப்பு வேலைகளுக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் அதிகாலை 2 மணி. நம்ம ஊர் கடைகளில் ராத்திரி மெயின் ஸ்விட்சையே ஆஃப் பண்ணிட்டுத்தானே போறோம்! தவறிப்போன வேலையை, பகலில் கம்ப்யூட்டர் கொஞ்சம் சும்மா இருக்கும்போது அது தொடங்கிவிடுகிறது.

இதுக்கு ஆஃப் பண்ண வேண்டாம், நேரத்தை மாத்தினா போதும். ஸ்டார்ட் மெனுவில் 'டாஸ்க் ஷெட்யூலர்' என்று தேடுங்க. உள்ளே மைக்ரோசாஃப்ட், அதற்குள் விண்டோஸ், அதற்குள் விண்டோஸ் டிஃபெண்டர் என்று போனால் 'ஷெட்யூல்டு ஸ்கேன்' இருக்கும். அதை டபுள் கிளிக் செய்து, 'ட்ரிக்கர்ஸ்' பகுதியில் மதியச் சாப்பாட்டு நேரத்தையோ, கூட்டம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையையோ வையுங்க. அந்த நேரம் கம்ப்யூட்டர் ஆனில் இருக்கணும், அவ்வளவுதான்.

சிலர் பாதுகாப்பு கூடும்னு ரெண்டு ஆன்டிவைரஸ் போட்டு வைப்பாங்க. ஒரே ஃபைலை ரெண்டு பேரும் சோதிக்க, வேகம்தான் போகும். சென்னையில் உருவான கே7, புனேயின் குயிக் ஹீல் மாதிரி ஒன்றை வாங்கிப் போட்டால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். லைசென்ஸ் முடிந்துபோன பழைய ஆன்டிவைரஸை அன்இன்ஸ்டால் செய்துவிட்டால் டிஃபெண்டர் மறுபடி வேலைக்கு வந்துவிடும்.

குறிப்பிட்ட ஃபோல்டரை சோதிக்காதே என்று சொல்ல 'எக்ஸ்க்ளூஷன்' வசதியும் இருக்கு. டேலி கணக்கு ஃபோல்டர் மாதிரி நம்பகமான இடத்துக்கு அது சரி. டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் பென் டிரைவையும் அதில் சேர்த்துடாதீங்க. திருடன் வரும் வாசலை நாமே திறந்து வைத்த மாதிரி ஆகிடும்!

உண்மையைச் சொன்னால், பல நேரம் குற்றவாளி ஆன்டிவைரஸே இல்லை. 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் ஆரம்ப வருடங்களில் கிடைத்தவற்றை இன்னும் வைத்திருக்கிறீர்களா? அதில் இருப்பது சுழலும் பழைய ஹார்டு டிஸ்க். அதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டால் ஸ்கேன் ஓடுவதே தெரியாது.

இன்னொரு விஷயம். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. ஆனாலும் அதில் உள்ள டிஃபெண்டருக்கு புது வைரஸ்களை அடையாளம் காணும் அப்டேட் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அந்த அப்டேட்டையும் ஸ்லோ ஆகுதுன்னு நிறுத்தி வைத்திருந்தால், இன்றைக்கே ஆன் பண்ணிடுங்க.