இரும்பு இருக்கிறது, எட்டவில்லை

கரிசலில் சோளம் விதைத்த சில புஞ்சைகளில் இளம் இலைகள் வெளுத்துப்போகும்; நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். காரணத்தை 1901 முதல் கோவில்பட்டியில் இயங்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டாலும், பக்கத்து ஊர் சம்சாரியிடம் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் கரையாமல் கிடக்கிறது. அன்னபேதியை, அதாவது ஃபெரஸ் சல்ஃபேட்டை, கரைத்து இலையில் தெளித்தால் பச்சை திரும்பும்.

கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் சத்து மாத்திரையிலும் அதே ஃபெரஸ் சல்ஃபேட்தான். (அதற்காக உரக்கடைப் பொட்டலத்தை யாரும் வாயில் போட்டுவிடாதீர்கள்!)

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே போனால் அது கடுமையான சோகை.

அந்த நிலையில் முதலில் விழித்துக்கொள்வது சிறுநீரகம். ஆக்சிஜன் குறைவதை உயிரணுக்கள் உணரும் விதத்தைக் கண்டறிந்ததற்காகவே 2019-ல் கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் ஹார்மோனை வழக்கத்தைவிட நூறு மடங்குக்கு மேலும் சுரக்கும். எலும்பு மஜ்ஜை வேகமெடுக்கும். ஆனால் ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு இரும்பு அணுக்கள் வேண்டும். சரக்கு இல்லாவிட்டால் சிறுத்து வெளுத்த அணுக்கள்தான் வெளியே வரும்.

மஜ்ஜைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 20 மில்லிகிராம் இரும்பு தேவை. பெரும்பகுதி, 120 நாள் வாழ்ந்து மடியும் பழைய அணுக்களிலிருந்தே திரும்பக் கிடைக்கிறது. சாப்பாட்டிலிருந்து ஏறுவது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். குடலில் அந்த வரத்தைத் தடுத்துவைப்பது கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின். சோகை முற்றினால் மஜ்ஜையே எரித்ரோஃபெரோன் என்ற புரதத்தை அனுப்பி அதை அடக்கிவிடும். இதைக் கண்டுபிடித்தது 2014-ல்தான்.

வழி திறந்தாலும் உள்ளே வர ஏதாவது வேண்டுமே. கம்பில் இரும்பு நிறைய. அதிலுள்ள ஃபைட்டேட் அதைப் பிடித்துக்கொள்கிறது. தீப்பெட்டி ஆபீஸில் சாப்பாட்டோடு குடிக்கும் டீயும் அப்படியே. கடலைமிட்டாய் தின்றால் இரத்தம் ஊறும் என்பார்கள். ருசிக்குத் தின்னலாம், கடுமையான சோகைக்கு அது காணாது.

மாத்திரை தொடங்கி ஏழெட்டு நாளில் இளம் சிவப்பணுக்கள் இரத்தத்தில் பெருகும். மூன்று, நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் இரண்டு கிராம் வரை ஏறும். தலைசுற்றல் நிற்கும், பலர் மாத்திரையையும் நிறுத்துவது அப்போதுதான். கல்லீரலின் இருப்பு இன்னும் காலி. ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் மாத்திரை போட்டால்தான் அது நிரம்பும்.