உஷார்! லேசர் ‘ஜீரோ’ காட்டினாலும் தொட்டிக்குள் ஆளை இறக்காதீர்கள்!

அப்பார்ட்மென்ட் சங்கச் செயலாளர்களே, செப்டிக் டேங்க் மூடியைத் திறக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடியிருப்பு. ஊர், பேர் வேண்டாம். தொட்டி அடைத்துக்கொண்டது. செயலாளர் விவரமானவர், மீத்தேன் பார்க்கும் லேசர் கருவியை யாரிடமோ இரவல் வாங்கி வந்து, மூடியைத் திறந்து உள்ளே அடித்தார். திரையில் ஜீரோ. “ஒண்ணும் இல்லப்பா, எறங்கு!”

நல்லவேளை, லாரிக்காரர் விடவில்லை. “இருங்க சார்” என்று நாலு வகை வாயுவை அளக்கும் தன் மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினார். பாதி ஆழம் போவதற்குள் அலற ஆரம்பித்துவிட்டது. ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு! ஏணியில் ஒரு கால் வைத்திருந்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது.

லேசர் பழுதில்லை. 1.65 மைக்ரான் அலைநீளத்து ஒளியை மீத்தேன் விழுங்கும். போன ஒளி எவ்வளவு குறைந்து திரும்புகிறது என்று பார்ப்பதுதான் அதன் வேலை. தெருவில் பதித்த எரிவாயுக் குழாயில் கசிவு தேட அருமையான சாதனம். தள்ளி நின்றே பார்க்கலாம். ஆனால் அதற்குத் தெரிந்தது மீத்தேன் மட்டும்தான். விஷவாயுவைச் சொல்லாது. ஆக்சிஜன் இல்லை என்பதையும் சொல்லாது. வீட்டு சிலிண்டர் கசிந்தால்கூடக் காட்டாது. அதில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும்.

மீத்தேன் விஷயத்திலும் ஏமாறாதீர்கள். அது காட்டுவது பிபிஎம்-மீட்டர், அதாவது அடர்த்தியும் தூரமும் பெருக்கிய கணக்கு. 1,000 என்று வந்தால், 10 மீட்டருக்குப் பரவிய 100 பிபிஎம்மாக இருக்கலாம். வெறும் 2 செ.மீ. தடிமனில் 50,000 பிபிஎம்மாகவும் இருக்கலாம். பின்னது 5 சதவீதம். ஒரு பொறி போதும், வெடிக்கும்! கற்பூரம் கொளுத்தி இறக்கிப் பார்க்கிற பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

எப்போது பதற வேண்டும்? அழுகிய முட்டை நாற்றம் அடித்து, சட்டென்று நின்றுவிட்டதா? வாயு போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம் வாக்கில் இருந்தால் மூக்கே மரத்துப்போகும். கண் எரிச்சல், தலைச்சுற்றல் என்றாலும் உடனே விலகுங்கள். இதை விட மோசம், சேற்றைக் கிளறும் நேரம். அதுவரை அடியில் அடைந்து கிடந்தது மொத்தமாகக் கிளம்பும். காலையில் பார்த்த ரீடிங் அப்போது செல்லாது.

உள்ளே ஒருவர் மயங்கினால், தயவுசெய்து பின்னாலேயே குதிக்காதீர்கள். அண்ணனைத் தூக்கப் போன தம்பியும் போய்ச் சேர்ந்த கதைகள் நம் ஊரில் ஏராளம். தீயணைப்புத் துறைக்கு 101 அடியுங்கள்.

பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். முதல் தடவையே 2 ஆண்டு வரை சிறை. கழிவுநீர் லாரிக்கு 14420-ஐக் கூப்பிடுங்கள். குழாய் இறங்கட்டும், ஆள் வேண்டாம்.