உரைக்கணுவும் உயிர்மெய்யும்

தாசேக் கெலுகோர் என்னும் ஊர்ப்பெயரில் எத்தனை எழுத்துகள் உள்ளன? தா, சே, க், கெ, லு, கோ, ர் என ஏழு என்று தொடக்கப்பள்ளி மாணவரும் கூறுவர். அப்பெயரை இணையப் பக்கத்தில் இட்டு, ஜாவாஸ்கிரிப்ட் நிரல்வழி அதன் நீளத்தைக் கேட்டால் 15 என விடை வரும். இவ்வேறுபாட்டின் காரணத்தை அறியாமல் தமிழ்ப் பயிற்சிப் பக்கங்களைப் பிழையின்றி ஆக்குதல் அரிது.

உலாவி ஒரு பக்கத்தை மரவடிவில் அமைத்துக்கொள்கிறது. தலைப்பும் பத்தியும் அதன் கிளைகள். அவற்றினுள் சொற்களைத் தாங்கி நிற்பது உரைக்கணு. ஓர் எழுத்துக்கு மட்டும் வண்ணமிட, உரைக்கணுவை அவ்விடத்தில் பிளத்தல் வேண்டும். 1998 இல் தரப்படுத்தப்பட்ட ஆவணப் பொருள் மாதிரியில் இதற்கு 'ஸ்ப்ளிட்டெக்ஸ்ட்' என்னும் கட்டளை உண்டு.

அக்கட்டளை எண்ணுவது எழுத்தையன்று, குறியீட்டை. இந்தியாவின் 1988 ஆம் ஆண்டு இஸ்கி முறையைத் தழுவிய யூனிகோடில் அகரமேறிய மெய்யே அடிப்படை. உயிர்க்குறியும் புள்ளியும் அதன்பின் தனிக்குறியீடுகளாக வரும். ஆகவே ஏழெழுத்தும் இரண்டிரண்டாகி 14, இடைவெளியொடு 15. நம் இலக்கணமோ புள்ளி பெற்ற மெய்யை முதலாகக் கொண்டு அதன்மேல் உயிரை ஏற்றுகிறது.

ஐந்து குறியீடுகளுக்குப்பின் பிளந்தால் 'தாசேக' என்பது ஒரு கணுவில் நிற்கும். ககரத்தின் புள்ளி அடுத்த கணுவுக்குச் சென்றுவிடும். மேலும், 'கோ'வின் குறியை ஒரே குறியீடாகவும், இரட்டைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தேடும் நிரலுக்கு வெவ்வேறு.

தீர்வு ஈரடுக்கானது. முதற்கண், சரத்திற்குரிய 'நார்மலைஸ்' கட்டளையால் குறியீடுகளை ஒருமுகப்படுத்துக. கணுவிற்கும் இதே பெயரில் ஒரு கட்டளை உண்டு. அது பிளந்த கணுக்களை இணைக்குமேயன்றிக் குறியீட்டைத் திருத்தாது. அடுத்து, 'இன்டல் செக்மென்டர்' காட்டும் எழுத்தெல்லையில் மட்டும் பிளக்க. அவ்வாறு எண்ணி இடைவெளியை நீக்கினால் ஏழே எஞ்சும்.

ஏழு என்று சரியாக எழுதிய மாணவரைப் பயிற்சிப் பக்கம் தவறென்று ஒதுக்கின், அம்மாணவர் தம் அறிவையே ஐயுறுவர். எனவே ஆசிரியர்கள் எந்தப் பக்கத்தையும் வகுப்பில் பயன்படுத்துமுன் புள்ளியும் கொம்பும் காலும் கொண்ட சொற்களால் அதனைச் சோதித்துக்கொள்ளுதல் நன்று. அதற்கு நம் ஊர்ப்பெயரே போதும்.