கன்றுக்கும் ஞானப்பெற்றோர் வேண்டும்

தவக்காலம் மூன்றாம் ஞாயிறு – லூக்கா 13: 1-9
(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்றைய நற்செய்தியில் ஓர் அத்திமரம் வருகிறது. உரிமையாளர் மூன்று ஆண்டுகளாக வந்து பார்க்கிறார், கனி இல்லை. வெட்டிவிடச் சொல்கிறார். தோட்டக்காரரோ இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறார். இந்த உவமையைக் கேட்கும்போது கடவுளின் பொறுமையைப் பற்றித்தான் நாம் வழக்கமாகப் பேசுவோம். இன்று தோட்டக்காரர் ஏற்றுக்கொண்ட வேலையையும் கொஞ்சம் கவனிப்போம். பொறுத்திருந்து பார்ப்போம் என்று சொல்லி அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. மரத்தைச் சுற்றிக் கொத்துவதாகவும் எரு போடுவதாகவும் வாக்குக் கொடுக்கிறார். தவணை கேட்டவரே மண்வெட்டியையும் கையில் எடுத்துக்கொள்கிறார்.

மரம் நடுவதில் நாம் யாருக்கும் பின்தங்கியவர்கள் அல்ல. பங்குத் திருவிழா, வெள்ளி விழா, ஆயர் வருகை என்று எல்லாவற்றிற்கும் கன்று நடுகிறோம், படம் எடுக்கிறோம், பெயர்ப்பலகை வைக்கிறோம். ஆண்டு திரும்பும்போது பல இடங்களில் பலகை நிற்கிறது, கன்று இல்லை. ஒரு பங்கில் புதுநன்மை வாங்கிய பிள்ளைகள் ஆளுக்கொரு கன்று நட்டார்கள். கோடை விடுமுறை முடிந்து மறைக்கல்விக்கு வந்த ஒரு சிறுமி, காய்ந்த குச்சியின் அருகே தன் பெயரைக் கண்டாள். ஒன்றும் பேசாமல் பலகையைப் பிடுங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாம்தான். அவள் கையில் கன்றைக் கொடுத்தோம். தண்ணீர் ஊற்ற யார், எப்போது என்று முடிவு செய்யவில்லை.

கன்று ஏன் காய்கிறது? நாற்றுப் பையில் வளர்ந்த கன்றுக்கு அந்தப் பையளவு மண்தான் உலகம். நட்ட பிறகு அதன் வேர் பக்கத்து மண்ணுக்குள் பரவப் பல மாதங்கள் ஆகும். அதுவரை நாம் ஊற்றும் தண்ணீரை நம்பியே அது இருக்கிறது. முதல் கோடைதான் அதற்குச் சோதனைக் காலம். சென்ற மழையில் நட்ட கன்றுகளுக்கு அந்தக் கோடை இப்போது, இந்தத் தவக்காலத்தில், தொடங்கியிருக்கிறது.

ஆகவே இது புதிதாக நடும் காலம் அல்ல; நட்டதைக் காக்கும் காலம். தினமும் ஒரு செம்புத் தண்ணீரைத் தெளித்தால் மேல்மண் மட்டுமே நனையும். வேரும் மேலேயே தங்கிவிடும். நட்ட முதல் சில வாரங்களில் இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை ஊற்ற வேண்டும். கன்று வேர் பிடித்த பிறகு வாரம் ஒன்றிரண்டு முறை, குடம் நிறைய, நிதானமாக ஊற்றினால் போதும். தண்ணீர் ஆழத்துக்கு இறங்கும். வேரும் அதைத் தேடி இறங்கும். ஊற்றும் முன் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அன்று வேண்டாம். செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ போன்ற செடிகளை வைத்த புதிதில் வேர் மேலோட்டமாக இருக்கும். அவற்றுக்குக் குறைவாக, ஆனால் அடிக்கடி ஊற்றுவது நல்லது. ஆள் கிடைக்காத இடத்தில் நம் ஊர்ப் பழைய வழி ஒன்று உண்டு. மண்பானையின் அடியில் சிறு துளையிட்டு, துணித்திரி செருகி, கன்றின் பக்கத்தில் புதைத்து நிரப்பிவிட்டால் நீர் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது மூடாக்கு. கோவில் வளாகத்தில் சருகைக் கூட்டிக் குவித்து எரிக்கிறோம். அந்தச் சருகையே கன்றைச் சுற்றி மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்பினால் ஈரம் காயாது, களை முளைக்காது, மட்கி எருவாகவும் ஆகும். தண்டை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும், கறையானும் ஏறும்.

காற்றுக்காக ஊன்றுகோல் கட்டுவதிலும் கவனம் வேண்டும். கம்பியால் இறுக்கிக் கட்டினால் தண்டு பருக்கும்போது கம்பி பட்டைக்குள் இறங்கிவிடும். இலைகள் சமைக்கும் உணவு வேருக்குப் போகும் பாதை பட்டைக்குள்தான் இருக்கிறது. நாம் பாதுகாப்புக்குக் கட்டியதே அதன் கழுத்தை நெரிக்கும். சாக்குத் துணியால் எட்டுப் போலத் தளர்வாகக் கட்டி, கன்று கொஞ்சம் ஆட இடம் கொடுங்கள். ஆடினால்தான் தண்டு வலுப்படும். ஓராண்டில் கட்டை அவிழ்த்துவிடுங்கள். பிள்ளை வளர்ப்புக்கும் இது பொருந்தும் என்று பெற்றோருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, புதிதாக எப்போது நடுவது? ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள் என்பதால் அன்றே நடுகிறோம். குமரியிலும் மேற்கு மலையோர மாவட்டங்களிலும் அப்போது மழை உண்டு. நம் கிழக்கு மாவட்டங்களிலோ பெருமழை அக்டோபரில்தான் தொடங்குகிறது. ஜூனில் நட்ட கன்றுக்கு நான்கு மாதம் குடம் சுமக்க ஆள் வேண்டும். அசிசி புனித பிரான்சிஸின் திருநாள் அக்டோபர் 4. இறந்தோர் நினைவு நாள் நவம்பர் 2. நம் திருவழிபாட்டு நாள்காட்டியே நடுவதற்கு ஏற்ற நாள்களைக் காட்டுகிறது. கல்லறைக்குப் பூ எடுத்துச் செல்லும் நாம், கல்லறைத் தோட்டத்து ஓரத்தில் ஒரு புங்கனையோ மகிழத்தையோ நட்டு வரலாம்.

நடும்போது மறக்கக் கூடாதவை மூன்று. முதலாவது, பிளாஸ்டிக் பையைக் கிழித்து முழுவதும் எடுத்துவிட வேண்டும். பையோடு புதைத்த கன்றின் வேர் உள்ளேயே சுற்றிச் சுற்றி வளரும். சில ஆண்டுகள் பச்சையாக நின்றாலும் பெருங்காற்றில் சாய்ந்துவிடும். ஏற்கெனவே சுற்றியிருக்கும் வேர்களை விரலால் பிரித்துவிடுங்கள். இரண்டாவது, வேர் தொடங்கும் கழுத்துப் பகுதி தரைமட்டத்தில் இருக்க வேண்டும். அதைப் புதைத்துவிடக் கூடாது. மூன்றாவது, இடம். வேம்பும் நாவலும் நாளை எவ்வளவு பெரிதாகும் என்று எண்ணி, சுவரையும் மின்கம்பியையும் விட்டு விலகி நடுங்கள். வளாகம் முழுவதும் சிமெண்டுக் கல் பதிக்கும்போது மரத்தைச் சுற்றி நான்கு புறமும் மூன்றடி மண்ணை விட்டுவையுங்கள். வேருக்கும் மூச்சு வேண்டும்.

அன்புக்குரியவர்களே, தொடக்கநூலில் கடவுள் மனிதரைத் தோட்டத்தில் வைத்தபோது நிலத்தைப் பண்படுத்தும் பொறுப்பைக் கொடுத்தார். கூடவே அதைக் காக்கும் பொறுப்பையும் கொடுத்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் இந்த இரண்டையும் சேர்த்தே நினைவூட்டுகிறார். நடுவது ஒரு நாள் வேலை. காப்பது இரண்டு மூன்று ஆண்டு வேலை. அதற்குப் படமும் இல்லை, பலகையும் இல்லை.

திருமுழுக்கு நாளில் குழந்தைக்கு ஞானத்தாய், ஞானத்தந்தை நிற்கிறார்கள். அன்றைய விருந்தோடு அவர்கள் பொறுப்பு முடிவதில்லை. அதுபோல் ஒவ்வொரு கன்றுக்கும் ஓர் அன்பியத்தையோ ஒரு குடும்பத்தையோ பொறுப்பாக்குவோம். பிள்ளைகளோடு ஒரு பெரியவரும் சேரட்டும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் யாரிடம் குடத்தை ஒப்படைக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போகட்டும். இத்தவக்காலத்தில் புலால் தவிர்க்கிறோம், சிலுவைப்பாதை செய்கிறோம். வாரம் இரண்டு குடம் தண்ணீர் சுமப்பதும் ஒரு தவமுயற்சிதான்.

அந்த அத்திமரம் அடுத்த ஆண்டு காய்த்ததா? இயேசு சொல்லவில்லை. தோட்டக்காரர் வாக்குக் கொடுத்த இடத்திலேயே கதையை நிறுத்திவிட்டார். இன்று திருப்பலி முடிந்ததும் வளாகத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். எத்தனை கன்றுகள் இன்னும் பச்சையாக இருக்கின்றன என்று எண்ணுங்கள். அவற்றில் ஒன்றின் முன் நின்று, இதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆண்டவரிடம் சொல்லுங்கள். நம்மைப் பல ஆண்டுகளாகப் பொறுத்து, சுற்றிக் கொத்தி, எருவிட்டுக் காத்துவருகிறவர் அவர். நம் கையில் இருக்கும் குடத்தையும் அவர் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.