கருந்துளையின் நடுவில் இருப்பது யாது?

விண்மீன்களுக்கும் பிறப்பும் இறப்பும் உண்டு. நம் கதிரவனைவிடப் பலமடங்கு பெரிய விண்மீன், தன் எரிபொருள் தீர்ந்ததும் தன் எடையைத் தானே தாங்க இயலாமல் உள்நோக்கி விழுந்து சுருங்குகிறது. இறுதியில் அதன் ஈர்ப்பிலிருந்து ஒளியும் தப்ப முடியாத நிலை வருகிறது. அதுவே கருந்துளை. நம் பூமி கருந்துளையாக வேண்டுமானால், அதனை ஒரு கோலிக்குண்டின் அளவுக்கு அழுத்த வேண்டும்!

அப்படியானால் கருந்துளையின் நடுவில் இருப்பது யாது?

1916-ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் கார்ல் சுவார்ட்சைல்டு, ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல் சமன்பாடுகளுக்கு ஒரு விடையை வெளியிட்டார். அவ்விடையில் ஈரிடங்களில் கணக்கு முரண்டு பிடித்தது. ஒன்று விளிம்பு, மற்றொன்று நடு.

விளிம்பில் தோன்றிய சிக்கல் உண்மையானதன்று, அளக்கும் முறையால் வந்ததே என்று 1933-இல் காட்டியவர், பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்கக் குருவான ஜார்ஜ் லெமைத்ர் அடிகளார். உலக உருண்டையில் தீர்க்கரேகைகள் யாவும் வடதுருவத்தில் ஒன்றாய்க் கூடுகின்றன. அதனால் அங்கே பூமி முடிந்துவிடுகிறதா? இல்லையே!

நடுவில் உள்ள சிக்கலோ எம்முறையில் அளந்தாலும் தீரவில்லை. சீரான உருண்டையாக இல்லாத விண்மீன் சுருங்கினாலும் அது தோன்றியே தீரும் என்று 1965-இல் ரோஜர் பென்ரோஸ் நிறுவினார். இதற்காக 2020-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்நடுவை 'ஒருமைப்புள்ளி' என்பர். சுழலாத கருந்துளையில் அங்கே பருமன் பூச்சியம், அடர்த்தி முடிவிலி என்கிறது கணக்கு. விளிம்பைக் கடந்து உள்ளே போனவருக்கு அப்புள்ளி எதிரே உள்ள ஊரைப் போன்றதன்று. நாளைய பொழுதைப் போன்றது. எப்பக்கம் ஓடினாலும் நாளை வந்தே தீருமன்றோ?

ஓர் எண்ணைப் பூச்சியத்தால் வகுத்து விடை எழுதினால் நம் கணித ஆசிரியை ஏற்பாரா? அறிவியலாரும் முடிவிலியை விடையாக ஏற்பதில்லை. ஐன்ஸ்டீனின் கொள்கை அவ்விடத்தில் செயலிழக்கிறது என்றே கொள்கின்றனர். அதனையும், அணுவினுள் நிகழ்வதை விளக்கும் குவாண்டம் கொள்கையையும் இணைக்கும் முழுமையான கொள்கை இன்னும் உறுதியாகவில்லை. 2019-இல் வெளியான கருந்துளையின் முதற்படத்திலும் நாம் காண்பது ஒளிவளையமும் அதனுள் இருண்ட நிழலுமே, நடுப்புள்ளியன்று.

ஆகவே தோழியரே, ஒருமைப்புள்ளி என்பது அங்குள்ள பொருளின் பெயரன்று. மனித அறிவு இன்று வந்து நிற்கும் எல்லைக்கல்லின் பெயர். இறைவனின் படைப்பை வியப்பதோடு நின்றுவிடாமல், லெமைத்ர் அடிகளாரைப் போல் அதனைக் கணக்கிட்டும் அறிய முயல்வோம். அந்த எல்லைக்கல்லைக் கடப்பவள் நம்மில் ஒருத்தியாக இருக்கட்டும்!